ஒன்பதரை மணி வகுப்பு: ஹட்டன் பக்கத் தோட்டமொன்றில் முதியோர் நிலையம் நடந்த விதம்

தேயிலைத் தோட்டத்தில் வயசானவர்களுக்கு வகுப்பு வைத்தால் ஆள் வராது என்பது இந்தப் பக்கம் வேலை செய்கிற பல பேருடைய முடிவு. "அவங்களுக்கு ஆர்வம் இல்ல, வெத்தல போட்டுக்கிட்டு இஸ்தோப்புல உக்காந்திருந்தா போதும்" என்பார்கள். ஹட்டனுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கிற ஒரு தோட்டத்தில், ஒரே ஒரு டிவிஷனில், அதாவது தோட்டத்தின் ஒரு பிரிவில், நடந்ததை வைத்து, அந்த முடிவு ஏன் தப்பு என்று எழுதுகிறேன். தோட்டத்துப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம், அங்கே இன்னும் வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் சங்கடம் வரக்கூடாது. நான் டவுனில் போட்டோகொப்பிக் கடை வைத்திருக்கிறவன். பாரம் நிரப்பிக் கொடுக்கிற பழக்கத்தில் அங்கே போக ஆரம்பித்து, அப்புறம் போன் சொல்லிக் கொடுக்கிற ஆளாகவும் ஆகிவிட்டேன்.

யாருக்கான வகுப்பு

எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் இந்த மலையில் எந்தக் காலத்தில் பிறந்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்களாக்கிய நேரம் அது. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது, 525,000 பேரை இந்தியா எடுக்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும் என்றார்கள், மிச்சம் நின்ற 150,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அப்படியும் தீராமல் 2003இல் இன்னொரு சட்டம் போட வேண்டியிருந்தது. இதெல்லாம் பழைய கதை மாதிரித் தெரியும், ஆனால் என் கடை மேசைக்கு அது இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் கிடையாது. அடையாள அட்டையில் இருக்கிற வயது யாரோ மதிப்பாகப் போட்டது. தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ராமாயி என்று இருக்கும், அட்டையில் ராமாய் என்று இருக்கும், அந்த ஒரு எழுத்தால் சேமலாப நிதிப் பணம் மாதக்கணக்கில் இழுபடும்.

அந்தப் பணம் சின்னக் காசு இல்லை. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி போடும் 12 வீதம், அதுதான் ஈ.பி.எப். என்கிற சேமலாப நிதி. கம்பனி தனியாகப் போடும் 3 வீதம் ஈ.டி.எப். என்கிற நம்பிக்கைப் பொறுப்பு நிதி. அதற்கு மேல், நாட்சம்பள ஆட்களுக்கு வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் சேவைக்காலப் பணம். முப்பது வருஷம் மலையில் நின்ற ஒரு பெண்ணின் கையில் வாழ்க்கையிலேயே ஒரு தடவைதான் இவ்வளவு பெரிய தொகை வரும். அந்தத் தொகையை எடுக்க அவர் பெருவிரலை வைக்கிறார், பக்கத்தில் மகனோ மருமகனோ நிற்கிறான். மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

பேர் வெட்டிய பிறகு, அதாவது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று நினைப்பது டவுன்காரர் நினைப்பு. மருமகள் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போக வேண்டும், மகள் கொழும்பில் வீட்டு வேலையிலோ வெளிநாட்டிலோ இருக்கிறாள், பிள்ளைகளை எழுப்பி ரொட்டி சுட்டுப் பாடசாலைக்கு அனுப்புவது அம்மாயி, அதாவது பாட்டி. தண்ணீர் பிடிப்பது, விறகு பார்ப்பது, பகல் சோறு ஆக்குவது எல்லாம் அவர் கணக்கில்தான். கொஞ்சம் தெம்பு இருக்கிறவர்கள் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கவும் பக்கத்து மரக்கறித் தோட்டத்துக்கும் போகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மிச்சத்தைப் படிக்க வேண்டும்.

முதல் சுற்று ஏன் படுத்தது

கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. நல்ல எண்ணம்தான், குறை சொல்ல முடியாது. யோகாசன ஆசிரியை ஒருவர், சுருட்டி வைத்த பாய்கள், ஒரு பெனர், புகைப்படக்காரர். சமூக மண்டபத்தில் பின்னேரம் மூன்று மணிக்கு வகுப்பு என்று அறிவித்தார்கள். முதல் நாள் மண்டபம் நிறைந்தது, பிஸ்கட் பெட்டியும் கொடுத்தார்கள். அடுத்த கிழமை பாதி. அதற்கடுத்த மாதம் ஆசிரியையும் நான்கைந்து பேரும்தான்.

மூன்று மணி என்பது தோட்டத்தில் எப்படிப்பட்ட நேரம் என்று யாரும் கேட்கவில்லை. பாடசாலைப் பிள்ளைகள் அப்போதுதான் பசியோடு வந்து சேர்கிறார்கள். மலையிலிருந்து வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி வைத்திருக்க வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் மழை பின்னேரத்தில்தான் கொட்டும், மற்ற மாதங்களில் மூடுபனி இறங்கிவிடும். பணிய லயத்திலிருந்து (கீழே இருக்கிற வரிசை வீடுகளிலிருந்து) மண்டபத்துக்கு ஏறிவரும் படிக்கட்டு பாசி பிடித்து வழுக்கும், ஒரு பக்கம் தண்ணீர் ஓடுகிற கான் திறந்து கிடக்கும். அந்தப் படியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இருட்டுகிற நேரத்தில் எழுபது வயது அம்மாயி இறங்க வேண்டும் என்றால் எந்த மகன் விடுவான்?

பாய் விஷயம் இன்னும் மோசம். குளிர்ந்த சீமெந்துத் தரையில் சேலையோடு உட்கார்ந்து காலை மடக்கச் சொன்னார்கள். உட்கார்ந்தவர்கள் எழும்புவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மற்றவர்கள் முன்னால் அப்படித் தூக்கிவிடப்படுவதை யாரும் விரும்புவதில்லை. அந்தப் பாய்கள் இப்போது பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) குழந்தைகள் தூங்க உதவுகின்றன, வாங்கிய காசு வீணாகவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம், வெளியாட்கள் கண்ணுக்குப் படாதது. மண்டபத்துச் சாவி ஒரு தொழிற்சங்கத் தலைவரிடம் இருந்தது. தோட்டத்தில் ஒன்றுக்கு மேல் சங்கம் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தலைவர், தலைவி உண்டு. ஒரு சங்கத்துத் தலைவர் கதவைத் திறந்து, அவரே வரவேற்புரையும் சொன்னால் மற்றச் சங்கத்து லயத்திலிருந்து ஆள் வராது. வராதவர்கள் காரணமும் சொல்ல மாட்டார்கள், "முழங்கால் வலி" என்பார்கள். நிறுவனத்தின் அறிக்கையில் அது மூட்டுவலிப் பிரச்சினை என்று பதிவாகியிருக்கும்.

நேரத்தைச் சொன்னவர்

திருப்பம் எந்த ஆலோசனைக் கூட்டத்திலும் வரவில்லை. பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிற பெண்தான் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், காலையில் பேரக்குழந்தையைக் கொண்டுவந்து விடுகிற அம்மாயிமார் உடனே திரும்பிப் போவதில்லை, வாசலில் நின்று ஒரு பாட்டம் கதைத்துவிட்டுத்தான் போவார்கள் என்று. ஒன்பதரைக்கு ரொட்டி வேலை முடிந்திருக்கும், பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் போயிருப்பார்கள், சோறு ஆக்கப் பதினொன்றரைக்குத்தான் அடுப்பு மூட்ட வேண்டும், வெயிலும் இருக்கும்.

சரி என்று வகுப்பு நடத்துகிறவர்கள் ஒன்பதரைக்கு மாற்றினார்கள். இடமும் மாறியது. பெரிய மண்டபத்தை விட்டுப் பிள்ளைக்காம்பராவை ஒட்டிய பழைய அறைக்கு வந்தார்கள், அது எந்தச் சங்கத்துக்கும் சொந்தமில்லாத இடம். சாவி மூன்று வெட்டி, மேட்டு லயத்தில் ஒன்று, பணிய லயத்தில் ஒன்று, பிள்ளைக்காம்பராவில் ஒன்று. பிள்ளைக்காம்பராவில் சேராத பேரப்பிள்ளைகளை வகுப்புக்கே கூட்டிக்கொண்டு வரலாம் என்றார்கள். சத்தமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. சம்பள நாளும் அட்வான்ஸ் நாளும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை) வகுப்பு கிடையாது. இவ்வளவுதான் மாற்றம். ஆள் வர ஆரம்பித்தது.

கையெழுத்தும் போனும்

என்ன வகுப்பு வேண்டும் என்று கேட்டபோது முதலில் பதில் வரவில்லை. "நீங்க குடுக்கிறதக் குடுங்க தம்பி" என்றுதான் சொன்னார்கள், காலம் முழுக்க அப்படிச் சொல்லியே பழகியவர்கள். பிறகு ஒருவர் மட்டும் மெதுவாக, "எனக்கு எம் பேர எழுதணும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், அடுத்த கிழமை சிரித்தவர்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

அரிச்சுவடியில் ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவருடைய பெயர் மட்டும். ஆறு எழுத்தோ எட்டு எழுத்தோ, அவ்வளவுதான் பாடம். பென்சிலைக் கொடுத்ததும் கை நடுங்கியது, கொப்பிக் கோட்டைப் பார்த்தே பயந்தார்கள். அப்போது பிள்ளைக்காம்பராப் பெண் கோலமாவைக் கொண்டுவந்து தரையில் எழுதிக் காட்டினார். தைப்பொங்கலுக்கு வாசல் முழுக்கக் கோலம் போடுகிற கை அது, வளைவும் சுழியும் தானாக வந்தது. 'ழ'வை எழுதத் திணறிய ஒருவர் அதை மாவில் ஒரே இழுப்பில் போட்டார். தரையில் பழகி, சிலேட்டுக்கு வந்து, அப்புறம்தான் கொப்பி. பெயர் பிடிபட்ட பிறகு வங்கிக்குப் போய் மாதிரிக் கையொப்பத்தை மாற்றிக் கொடுக்க வேண்டும், அதற்கு நாள் குறித்து நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரே வேனில் அனுப்பினார்கள். கைநாட்டு வைக்கிறவர் பணம் எடுக்கப் போனால் கூடவே ஒரு சாட்சி தேவைப்படும், கையெழுத்துப் போடுகிறவர் தனியாகப் போகலாம். ஒன்றிரண்டு வீடுகளில் இதனால் சண்டையும் வந்தது. "வயசான காலத்துல இவங்களுக்கு எதுக்குக் கையெழுத்து" என்று ஒரு மகன் என் கடைக்கே வந்து கேட்டான். வகுப்பு வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

போன் வகுப்பு என் பொறுப்பு. பெரும்பாலான வீடுகளில் ஸ்மார்ட் போன் இருக்கிறது, பேரன் வைத்திருப்பான், அம்மாயி கையில் கொடுக்க மாட்டான். முதல் வகுப்பில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவர்கள் தொட்டால் திரை அசையவில்லை. போன் பழுதோ என்று பார்த்தேன், நான் தொட்டால் வேலை செய்கிறது. கொழுந்து கிள்ளிக் கிள்ளி ஆள்காட்டி விரலும் பெருவிரலும் தோல் தடித்துக் காய்ந்து போயிருக்கின்றன, திரைக்கு அந்த விரல் இருப்பதே தெரியவில்லை. விரல் நுனியை லேசாக ஈரமாக்கித் துடைத்துவிட்டுத் தொட்டால் கொஞ்சம் பரவாயில்லை. சுண்டுவிரலின் பக்கவாட்டால் தொட்டால் இன்னும் நல்லது, அந்த இடத்தில் தோல் மெதுவாக இருக்கிறது. சில போன்களின் அமைப்பில் தொடு உணர்திறனைக் கூட்டுகிற வசதி உண்டு, அதைப் போட்டுக் கொடுத்தேன். 'முதியோர்களுக்குத் தொழில்நுட்பம் புரியாது' என்கிறவர்கள் முதலில் அவர்கள் விரலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சொல்லிக் கொடுத்தது கொஞ்சம்தான். பச்சையைத் தள்ளினால் எடுக்கலாம், வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பலாம், ரீலோட் மிச்சம் பார்க்கலாம். பரிசு விழுந்திருக்கிறது என்று எவனாவது எடுத்தால் வெட்டிவிட வேண்டும், வந்த ஓ.டி.பி. எண்ணை யார் கேட்டாலும் சொல்லக்கூடாது. கடைசியாகச் சொன்னதைப் பாட்டு மாதிரித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தோம்.

ஒரு அம்மாயியின் அக்கா ஒப்பந்தக் காலத்தில் இந்தியா போனவர். மலையிலிருந்து ரயிலில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் கோத்தகிரிப் பக்கம், அங்கேயும் தேயிலைதான். கடிதம் நின்று பல வருஷம். பேத்தி எங்கேயோ தேடி எண்ணைப் பிடித்தாள், வகுப்பிலேயே வீடியோவில் எடுத்தோம். அழுகையை எதிர்பார்த்து எல்லாரும் எட்டி நின்றோம். அக்காவும் தங்கையும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள், அப்புறம், "நீ பிரசருக்கு எத்தன மாத்திர போடுற?" என்று அக்கா கேட்டார். மிச்ச நேரமெல்லாம் மாத்திரை, முழங்கால், அரிசி விலை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே எடுத்துப் பேசுகிறார், என்னைக் கூப்பிடுவதில்லை.

கதிரைப் பயிற்சி

உடம்புக்கான வகுப்பு பாயிலிருந்து கதிரைக்கு மாறியது. இந்த ஆட்களுக்கு நடை போதவில்லை என்று சொல்ல முடியாது, ஏற்றமும் இறக்கமுமாக ஆயுள் முழுக்க நடந்தவர்கள். குறைவது வேறு: உட்கார்ந்த இடத்திலிருந்து கை ஊன்றாமல் எழும்புவது, ஒரு காலில் நிற்பது, இறக்கத்தில் தடுமாறாமல் காலை வைப்பது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலும் முதியவர்கள் கிழமைக்கு மூன்று நாளாவது சமநிலைக்கும் தசை பலத்துக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2019 கொக்ரேன் மீளாய்வில், உடற்பயிற்சி செய்கிற முதியவர்கள் விழுவது ஏறக்குறைய 23 வீதம் குறைகிறது. கானில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்பது எங்கள் ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

செய்வது எளிமையானது. பிளாஸ்டிக் கதிரை சீமெந்துத் தரையில் வழுக்கும், அதனால் முதுகு சுவரை ஒட்டும்படி போட வேண்டும். கையைக் கட்டிக்கொண்டு எழும்பி உட்கார வேண்டும், முடிந்த அளவு. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலைத் தூக்க வேண்டும். தரையில் கோடு போட்டுக் குதிகாலுக்கு முன் மறுகாலை வைத்து நடக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு சோதனையும் வைத்தார்கள்: கதிரையிலிருந்து எழும்பி மூன்று மீற்றர் நடந்து திரும்பி வந்து உட்கார வேண்டும், 12 செக்கனோ அதற்கு மேலோ எடுத்தால் விழும் ஆபத்து உண்டு என்று வைத்துக்கொள்கிறார்கள். போட்டி மாதிரி ஆகிவிடக்கூடாது என்று நினைத்தார்கள், ஆனால் அது உடனே போட்டியாகிவிட்டது, பேரப்பிள்ளைகள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். கழுத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டி வருஷக்கணக்கில் இழுத்த கழுத்து அது, திரும்பிப் பார்க்கச் சொன்னால் பலருக்கு உடம்போடுதான் திரும்புகிறது.

மருந்து விஷயமும் இதோடு சேர்ந்தது. கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதைப் படிக்க முடியாதவர்கள் எல்லா மாத்திரையையும் ஒன்றாகப் போட்டு விழுங்குகிறார்கள், அல்லது உடம்பு நல்லாயிருக்கிற நாளில் விட்டுவிடுகிறார்கள். மாத்திரை உறையில் காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை என்று பேனாவால் படம் போட்டுக் கொடுத்தார்கள். வெற்றிலை பற்றிச் சொன்னதை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் என்பது நிச்சயமான விஷயம், புகையிலை சேர்ந்தால் இன்னும் மோசம், வாயில் வெள்ளைத் தழும்போ ஆறாத புண்ணோ இருந்தால் வைத்தியசாலையில் காட்ட வேண்டும். கேட்டார்கள், தலையாட்டினார்கள், வெளியே போய்ப் பையை அவிழ்த்தார்கள். வாய்ப் பரிசோதனைக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது மட்டும்தான் இதுவரை நடந்த முன்னேற்றம்.

ஆம்பிளைகள்

இது பெண்கள் வகுப்பு என்று ஆகிவிட்டது, ஆண்கள் எட்டிப் பார்க்கவில்லை. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நிற்பதை அவர்கள் மரியாதைக் குறைவாக நினைத்தார்கள். வந்தது பேப்பருக்குத்தான். வீரகேசரி ஒன்று வாங்கிப் போட்டோம். கண் தெரியாதவர்களுக்கு ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும், வாசிக்கிறவருக்கும் கேட்கிறவர்களுக்கும் இடையில் அரசியல் சண்டை, அதற்கு ஒரு பிளேன்டீ. பேப்பர் முடிந்ததும் கதிரை காலியாக இருக்கிறதே என்று இரண்டு ஐயாமார் எழும்பி உட்கார்ந்து பார்த்தார்கள், கவனிக்காத மாதிரி நாங்கள் இருந்தோம்.

பிறகு தப்பு என்கிற தோல் மேளம் வந்தது. மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிற தோட்டம் இது, ஆனால் அடவும் பாட்டும் தெரிந்தவர்கள் கிழவர்கள் ஆகிவிட்டார்கள், ரதி மன்மதன் வேஷம் கட்டுகிற பையன்களுக்குப் பாட்டின் பாதி தெரியாது. சனிக்கிழமை காலையில் அந்த ஐயாமார் பையன்களுக்குப் பழக்குவது என்று முடிவானது. தப்பைக் காய்ச்ச வெளியே சருகு மூட்டம், உள்ளே பாட்டு. இதில் மட்டும் அவர்கள் படிக்கிறவர்கள் இல்லை, வாத்தியார்கள். நேரத்துக்கு முன்னாலேயே வந்து நிற்கிறார்கள்.

ஒரு முள்ளும் இருக்கிறது. தப்பு இன்ன ஆட்கள்தான் அடிக்க வேண்டும் என்கிற பழைய சாதிக் கணக்கு தோட்டத்தில் செத்துப்போகவில்லை. மற்ற வீட்டுப் பையன்கள் பழக வந்தபோது ஒன்றிரண்டு பெற்றோர் நிறுத்தினார்கள். பழக்குகிற ஐயா ஒருவர், "அடிக்கிற கைய விட ஆடுற காலத்தானே பாக்கப்போறீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டில் தொடர்ந்தார். சில பையன்கள் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை.

அலுவலகமும் காசும்

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியில் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் முதியோர் சங்கம் அமைக்கலாம், 60 வயது ஆனவர்கள் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம், கவனிக்காத பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டு அதற்கான சபைக்கு முறையிடலாம். இந்த டிவிஷனில் பலருக்கு அட்டையே இருக்கவில்லை, சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். பாரங்களை வகுப்பிலேயே நிரப்பி, ஒரே நாளில் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனோம். என் கடைக்கு இதனால் வியாபாரம் குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதியோர் சங்கமாகப் பதிந்ததால் அறைக்கு ஒரு பெயர்ப்பலகையும் அதிகாரி ஒருவரின் வருகையும் கிடைத்தன. செலவு பெரிதாக இல்லை: தேத்தூள், சீனி, பேப்பர், கோலமாவு, வேன் காசு. வெளிநிதியை இப்போதைக்குத் தேடவில்லை. காசு கொடுக்கிறவர் புகைப்படம் கேட்பார், புகைப்படம் எடுக்க மூன்று மணி வெளிச்சம் நல்லது என்பார், மறுபடி பழைய கதைதான்.

இன்னும் தீராதது கழிவறை. அந்த அறைக்குக் கழிவறை கிடையாது, பிள்ளைக்காம்பராவில் இருப்பது குழந்தைகளுக்கானது, தாழ்வான பீங்கான். நீரிழிவுக்கு மருந்து எடுக்கிற அம்மாயிமார் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார்கள், அதனால் வருகிற அன்று காலையில் தண்ணீரே குடிப்பதில்லை என்று ஒருவர் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயம் தெரிந்தது. உட்கார்ந்து எழும்பக் கைப்பிடி வைத்த ஒரு கொமட் கழிவறைக்கு நிர்வாகத்திடம் இடம் கேட்டு எழுதியிருக்கிறோம். கடிதத்தின் கீழே கைநாட்டு ஒன்றுகூட இல்லை. பதில் வரும் வரைக்கும் வகுப்பை ஐம்பது நிமிஷத்தில் முடிக்கிறோம், மிச்சக் கதையைப் பிள்ளைக்காம்பரா வாசலில் நின்று பேசிக்கொள்கிறார்கள்.